ஒப்பரேஷன் செய்த கண்ணில் பிரஷர் திரும்ப ஏறினால்: உங்கள் அனுபவம் என்ன?

விசுவமடு அக்கா:

எங்கள் வீட்டில் குளுக்கோமா (கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைப் பழுதாக்கும் வருத்தம்) மூன்று பேருக்கு. அம்மாவுக்கு இரண்டு கண்ணும் போன பிறகுதான் அந்த வருத்தத்தின் பெயரே எங்களுக்குத் தெரிந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் யார் கண்ணைக் கவனித்தது? வயது போனால் பார்வை மங்கும்தானே என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது அண்ணாவும் நானும். எனக்கு 2017இல் ட்ரபெக்யூலெக்டமி செய்தார்கள். கண்ணின் வெள்ளையில் சின்னக் கதவு ஒன்று வெட்டி, உள்ளே தேங்கும் நீரை மேல் இமைக்குக் கீழே கசிய விடுகிற ஒப்பரேஷன். அந்த இடத்தில் ஒரு சிறு கொப்பளம் எழும்பி நிற்கும். 34 ஆக இருந்த பிரஷர் 12க்கு இறங்கியது. (பொதுவாக 10 முதல் 21 வரை என்பார்கள். நரம்பு பழுதாகிவிட்டால் இன்னும் கீழே வேண்டும்.) மூன்றாம் வருடம் திரும்ப 26.

நான் கிணற்றில் தண்ணீர் அள்ளியதால்தான் என்று மாமி சொன்னா. நானும் நம்பினேன். டொக்டரிடம் கேட்டபோது அவர் சொன்ன காரணம் வேறு. வெட்டிய இடம் ஆறித் தழும்பாகி வழியை அடைத்துவிட்டதாம். மற்ற எல்லா ஒப்பரேஷனிலும் புண் ஆற வேண்டும் என்று நேர்த்தி வைப்போம், இதில் முழுதாக ஆறினால் தோல்வி! தழும்பு கட்டாமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்து வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனாலும் வருடக்கணக்காகத் துளிமருந்து விட்ட கண்ணில் மேல்தோல் ஏற்கெனவே புண்பட்டு இருக்கும், அதனால் தழும்பு கூடுதலாக வருமாம்.

அண்ணா டொரொண்டோவில் இருக்கிறார். அவருக்கும் இதே ஒப்பரேஷன், இதே கதை. 2021இல் அவருக்கு ஜெல் ஸ்டெண்ட் வைத்தார்கள். 6 மில்லிமீட்டர் நீளக் குழாய், உள்துளை 45 மைக்ரோன், அந்தத் துளை தலைமயிரை விட மெல்லிசு. ஊசி வழியாகக் கண்ணுக்குள்ளிருந்து வெளியே தள்ளி, தழும்பில்லாத ஒரு பக்கமாகப் பார்த்து வைப்பார்கள். முதல் ஒப்பரேஷனோ மருந்தோ கைவிட்ட கண்களுக்கென்று அமெரிக்காவில் 2016இல் அனுமதி கொடுத்தது இதற்கு. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். அது பன்றி ஜெலட்டினில் செய்தது என்று பிறகுதான் அவருக்குத் தெரியும். சைவக்காரர், ஒரு கிழமை முகம் சரியில்லை.

ஆனால் "ஊசி போட்டது போல, முடிந்தது" என்று அவர் போனில் சொன்னதை அப்படியே எடுக்க வேண்டாம். முதல் கிழமை பிரஷர் 5க்கு விழுந்து பார்வை கலங்கியது. இதிலும் எழும்பும் கொப்பளம் இரண்டாம் மாதம் தட்டையாகிப் பிரஷர் 24 ஆனது, ஊசியால் தழும்பை அறுத்துவிட்டார்கள். இப்போது ஒரு துளிமருந்தோடு 13இல் நிற்கிறது. போன பார்வை வரவில்லை, வரவும் வராது.

எனக்கு இங்கே டொக்டர் சொல்வது டியூப். அண்ணாவோ ஸ்டெண்ட்தான் நல்லது என்று நாளுக்கு இரண்டு தரம் போன். யாராவது அனுபவப்பட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மல்லாவிப் பெடியன்:

அக்கா, லண்டனில் எங்கள் சித்தப்பாவுக்கு வைத்தது டைட்டானியம் ஸ்டெண்ட், கண்புரை ஒப்பரேஷனோடு சேர்த்து. அது வேறு சாமான். வெளியே கொப்பளம் கட்டாது, கண்ணுக்குள் இயற்கையாக நீர் வடிகிற சல்லடையிலேயே துளை போட்டு இருக்கும். ஆபத்துக் குறைவு, பிரஷர் இறங்குவதும் குறைவு. அவருக்கு 22 போய் 17. நரம்பு நிறையப் பழுதானவர்களுக்கு இது காணாது என்று அங்கேயே சொன்னார்களாம். பேர் ஒன்றாக இருப்பதால் நாங்கள் குழம்பிவிடுகிறோம்.

வவுனியா ரீச்சர்:

எனக்கு டியூப். முதல் ஒப்பரேஷன் இரண்டு தரம் சரிவராமல் போனது, தமிழ்நாட்டுக்குப் போய்த்தான் செய்தேன். மதுரை அரோலாபில் செய்யும் டியூப், விலை குறைவு. வெள்ளைவிழியோடு ஒட்டி ஒரு தகடு தைத்து, அதிலிருந்து குழாயைக் கண்ணுக்குள் விடுவார்கள். தகடு பெரிது என்பதால் பயந்தேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நானும் ஸ்டெண்ட் பற்றிக் கேட்டேன். மூக்குப் பக்கம், மேல் பக்கம் எல்லாம் தழும்பு, அங்கே எதை வைத்தாலும் அடைபடும் என்றார் டொக்டர். டியூப் என்றால் தகடு தழும்பைத் தாண்டிப் பின்னால் போய் இருக்கும். உங்கள் அண்ணாவுக்கு நல்ல தோல் ஒரு பக்கமாவது மிச்சம் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள் அக்கா, ஸ்டெண்டா டியூபா என்று பிறகு பார்க்கலாம். முதல் ஆறு கிழமை என்னைக் குனிய விடவில்லை, வீட்டுக்காரர்தான் முற்றம் கூட்டினார். அது ஒரு லாபம்.

விசுவமடு அக்கா:

ரீச்சர், நன்றி. இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று. அண்ணா போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தவர். மூன்றாம் நாள் கண் சிவந்து பூளை தள்ளியது. நான் தூசி என்று நினைத்து, தாய்ப்பால் விடலாம் என்றும் சொல்லிவிட்டேன். (சிரிக்க வேண்டாம்.) அவர் ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை, வான் பிடித்து யாழ்ப்பாணம் போய்விட்டார். கொப்பளத்தில் கிருமி தொற்றியிருந்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் உள்ளே போயிருக்குமாம். கொப்பளம் இருக்கும் கண் சிவந்தால், வலித்தால், அன்றைக்கே போங்கள். ஒப்பரேஷன் முடிந்து எத்தனை வருடம் ஆனாலும்.

வருகிற செவ்வாய் எனக்கு கிளினிக். வீட்டில் மூன்று பேருக்கு வந்ததால் மகனையும் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன், 32 வயது. பார்வை வடிவாகத்தானே தெரிகிறது என்று இழுக்கிறான்.

மல்லாவிப் பெடியன்:

அக்கா, கிளினிக்கில் நம்பர் துண்டு எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள்? அப்பாவையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.