சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 97, ஆனாலும் மூச்சுக்கு டியூப் போட வேண்டும் என்கிறார்களே?

கேள்வி:
ஐசியூவில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கில்லன் பாரே (நரம்புகள் பாதிக்கப்பட்டு தசைகள் தளரும் நோய்) நோயாளி ஒருவர், காலில் ஆரம்பித்த தளர்ச்சி கைக்கு ஏறியிருந்தது, ஆனால் சாச்சுரேஷன் 97, மூச்சிரைப்பும் இல்லை, அமைதியாகத்தான் இருந்தார். சீனியர் சிஸ்டர் வந்தார், அவரை எண்ணச் சொன்னார், தலையைத் தூக்கச் சொன்னார், உடனே மயக்க மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டார். என்னதான் பார்த்தார்?

பதில் 1:
ஆக்சிமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்கும் தப்பை நானும் செய்திருக்கிறேன். இங்கே நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை, அதை விரிக்கிற தசைதான் சோர்கிறது, அதனால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு முதலில் ஏறும், சாச்சுரேஷன் இறங்குவது கடைசியில்தான், அதிலும் மாஸ்க் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். எண்ணச் சொன்னது, மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில், நொடிக்கு இரண்டு எண் வேகத்தில். நல்ல உடம்புக்காரர் 50 வரைகூடப் போவார். 20ஐத் தாண்டவில்லை என்றால் ஆபத்து நெருங்கிவிட்டது. ஒரு தடவை எண்ணியது போதாது, மணிக்கு மணி குறைகிறதா என்று குறித்து வையுங்கள். கழுத்தும் அப்படித்தான். தலையணையிலிருந்து தலை எழவில்லை என்றால் மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானமும் தளர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், இரண்டுக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்துதான் வருகிறது.

பதில் 2:
வயிற்றைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு உப்புவதற்குப் பதில் உள்ளே போனால் உதரவிதானம் வேலை செய்யவில்லை. அப்புறம் மூக்கால் பேசுவது, எச்சில் தொண்டையில் தேங்குவது, இருமல் வலுவில்லாமல் போவது, மல்லாந்து படுக்க மறுப்பது, காரணமில்லாத வியர்வையும் படபடப்பும். அமைதியாக இருந்தார் என்கிறீர்களே, முகத்தசையும் தளர்ந்திருந்தால் தவிப்பைக் காட்ட முகம் எங்கே இருக்கிறது?

கேட்டவர்:
சரி, இப்போது புரிகிறது. 14லேயே நின்றுவிட்டார். மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் இருந்தால் எந்த அளவில் டாக்டரைக் கூப்பிட வேண்டும்?

பதில் 1:
ஒரு முழு மூச்சின் அளவு எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே போனால் டியூப் போடத் தயாராக வேண்டும் என்பதுதான் கணக்கு. அதுவரை காத்திருக்காதீர்கள், இறங்க ஆரம்பித்ததுமே சொல்லுங்கள்.

பதில் 3:
கட்டுவிரியன் கடியிலும் இதே கதைதான். இமை தொங்குவதில் தொடங்கி மூச்சு வரை போகும். முழுதாக முடங்கியவரின் கண்மணி வெளிச்சத்துக்குக்கூட அசையாமல் போகலாம், பார்க்கிறவர்கள் மூளைச்சாவு என்றே நினைத்துவிடுவார்கள், ஆனால் உள்ளே நினைவோடு நாம் பேசுவதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். கட்டில் பக்கத்தில் நின்று "இனி தேறமாட்டார்" என்று மட்டும் யாரும் பேசாதீர்கள்.