மின்தடையில் சிக்னல் அணையாமல் இருக்க எவ்வளவு பேட்டரி? (சிங்கப்பூர் துவாஸ், வளாக உள்சாலை)

கிடங்குவாசி:
துவாஸில் ஒரு கிடங்கு வளாகம். உள்சாலை நாற்சந்தியில் வளாகத்துக்குச் சொந்தமான சிக்னல். நிலப் போக்குவரத்து ஆணையம் சிக்னல்களை ஒருங்கிணைக்கும் கிளைட் அமைப்பில் சேராதது. வாகன விளக்குகள் 12, பாதசாரி விளக்குகள் 8, எல்லாமே எல்இடி. சிக்னலை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்கு வரும் 230 வோல்ட் லைனில் கிளாம்ப் மீட்டர் 1.3 ஆம்பியர் காட்டுகிறது. கரண்ட் போனால் 4 மணி நேரம் ஓட வேண்டும் என்கிறது நிர்வாகம். கணினிக் கடையில் விற்கும் 1000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதுமா? விளக்குக்கு இவ்வளவு, கன்ட்ரோலருக்கு இவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் போடுவது எப்படி?

மூவர்ணம்:
போதாது. முதலில் கணக்கு. 1.3 ஆம்பியரை 230 ஆல் பெருக்கினால் 299 விஏ. எல்இடி விளக்குகளின் பவர் ஃபேக்டர் (விஏவில் உண்மையான வாட்டின் பங்கு) 0.9 என்று வைத்தால் சுமார் 270 வாட். பிரித்துப் பார்த்தாலும் ஒத்துவருகிறது: ஒரு நேரத்தில் ஒரு விளக்குத் தலையில் ஒரு நிறம்தானே எரியும்? 12 தலைக்குத் தலா 10 வாட், பாதசாரி விளக்கு எட்டுக்கும் தலா 8 வாட், கன்ட்ரோலரும் லூப் டிடெக்டரும் (சாலையில் பதித்த கம்பிச்சுருள் வழியே வண்டியைக் கண்டறிவது) சேர்த்து 70, மோடம் இருந்தால் 10. பெட்டிக்குள் இருக்கும் பிளக் பாயின்ட், கேமரா இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். யூபிஎஸ்ஸுக்கு முன்பே பிரித்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இழப்புக்கு 0.85 ஆல் வகுத்தால் பேட்டரியிலிருந்து 318 வாட் இழுக்கும். 4 மணி நேரத்துக்கு 1272 வாட்-மணி. பேட்டரி முதுமையடைந்து 80 சதவீதத்துக்கு இறங்கிய நாளிலும் அது கிடைக்க வேண்டும்: 1590. ஈய பேட்டரியை இந்த வேகத்தில் காலி செய்தால் லேபிளில் எழுதியிருப்பது முழுதாகக் கிடைக்காது, இன்னொரு 0.85: கிட்டத்தட்ட 1870. 48 வோல்ட்டுக்கு 39 ஆம்பியர்-மணி. 40 வாங்கினால் மயிரிழையில் நிற்கும். 12 வோல்ட் 55 ஆம்பியர்-மணியில் நான்கு எடுங்கள்.

கடை யூபிஎஸ் ஏன் ஆகாது? உள்ளே இருப்பது பெரும்பாலும் 9 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. உங்கள் லோடுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. வெளியே பெரிய பேட்டரி கோத்தாலும் அதன் சார்ஜர் ஒரு ஆம்பியர் அளவில்தான் தரும். நிரம்ப நாள் கணக்காகும். சிலவற்றில் பேட்டரி அடியோடு தீர்ந்தபின் கரண்ட் வந்தாலும் யாராவது போய்ப் பொத்தானை அமுக்கினால்தான் உயிர் வரும். குறைந்த லோடைப் பார்த்துத் தானே அணையும் சிக்கன முறையும் உண்டு. சிக்னல் மஞ்சள் கண்சிமிட்டும் நிலைக்குப் போனால் லோடு அரை வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், அதை 'லோடே இல்லை' என்று நினைத்து அணைத்துவிடும். அலைவடிவம் சுத்தமான சைன் அலையாகவும் இருக்க வேண்டும். சதுர அலை மாதிரி ஒன்றைக் கொடுத்தால் விளக்கை இயக்கும் டிரையாக்குகள் (மின்னணு சுவிட்சுகள்) தடுமாறும், அணைந்த எல்இடியில் மங்கலாக ஒளி தெரியும்.

பேட்டரிப்பெட்டி:
கணக்கு சரி. ஆனா 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குப் போட்ட கணக்கு அது. துவாஸ் வெயில்ல நிக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள மதியம் 45 சாதாரணம். சீல் பண்ண ஈய பேட்டரிக்கு 10 பாகை கூடினா ஆயுள் பாதி. அஞ்சு வருஷம்னு விக்கிறது 45-ல பதினஞ்சு மாசம்தான். பத்து வருஷ வகையை வாங்குங்க, ரெண்டரை வருஷம் வரும். அதுக்கே சந்தோஷப்படணும்.

சார்ஜ் வோல்ட்டும் வெப்பத்தோட இறங்கணும். 48 வோல்ட் வரிசைக்கு 25 பாகையில 54.6 வச்சா, பாகைக்கு 72 மில்லிவோல்ட் வீதம் 45-ல 53.2-க்கு வரணும். இறங்கலேன்னா பேட்டரி ஊதும், முத்திப்போனா தானே சூடேறிக் கட்டுக்கு அடங்காமப் போகும். இதுக்கான சென்சாரைக் கண்ட இடத்துல தொங்க விடுறதுதான் பெரும் பிழை. பேட்டரி உடம்புல, வரிசையோட நடுவுல இருக்கிற பேட்டரியில ஒட்டணும். காத்துல தொங்கினா மின்விசிறி ஓடும்போது குளிர்ச்சின்னு காட்டி வோல்ட்டை ஏத்திடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடுத்தா 51.2 வோல்ட் 50 ஆம்பியர்-மணி ஒண்ணே போதும். நாலு ஈயம் எழுபது கிலோ பக்கம் வரும், இது அதுல மூணுல ஒரு பங்கு. ஆனா ஈயத்துக்கு வச்ச சார்ஜர்ல இதைக் கோக்காதீங்க. சமநிலைச் சார்ஜ்னு அப்பப்ப வோல்ட்டை ஏத்தும், உள்ளே இருக்கிற பாதுகாப்புப் பலகை இணைப்பை வெட்டிடும். வெட்டினது தெரியாமலே நாலு மாசம் ஓடும், கரண்ட் போற அன்னிக்குத்தான் தெரியும்.

பெட்டி வெள்ளை பூசினதா, மேலயும் கீழயும் காத்துப் போக்கு உள்ளதா இருக்கட்டும். போக்கு வைக்கிற இடத்துல துருப்பிடிக்காத கம்பி வலை கட்டாயம். பல்லி ஒண்ணு இன்வெர்ட்டர் பலகைமேல ஏறிட்டா கதை முடிஞ்சது. தரைக்கடியில வர்ற குழாய் வாயையும் அடைங்க, எறும்பு அங்கதான் ஏறும்.

பைபாஸ்:
ரெண்டு பேரும் பேட்டரியிலேயே நிற்கிறீர்கள். 4 மணி நேரம் ஏன்? சிங்கப்பூரில் கேபிள் பெரும்பாலும் நிலத்தடியில்தான்; நெடுநேரத் தடை அரிது. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் 146,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனபோதுகூட 38 நிமிடத்தில் திரும்பிவிட்டது. நடைமுறையில் அதிகம் வருவது நொடிக்கும் குறைவான வோல்ட் சரிவு, மின்னல், நீர் கசிந்து விழும் (தானே அணையும்) பிரேக்கர். பிரேக்கர் யூபிஎஸ்ஸுக்குப் பின்னால் விழுந்தால் எத்தனை ஆம்பியர்-மணி வைத்தும் பயனில்லை. கன்ட்ரோலருக்கு முன்னால் மின்னல் தடுப்பான் போட்டிருக்கிறீர்களா?

இன்னொரு கேள்வி. கிடங்கு என்றால் ஜெனரேட்டர் இருக்குமே?

கிடங்குவாசி:
இருக்கிறது அண்ணே. கரண்ட் போனால் 12 வினாடியில் எடுக்கும். சிக்னலுக்கு அதிலிருந்து லைன் இல்லை. மின்னல் தடுப்பான் இல்லை.

பைபாஸ்:
அப்படியானால் விஷயமே வேறு. ஜெனரேட்டர் மின்சாரம் தரும் அத்தியாவசிய லோடு பலகையிலிருந்து சிக்னலுக்குத் தனி பிரேக்கரோடு லைன் இழுங்கள். தீயணைப்பு பம்ப்புக்கான சுற்றில் கைவைக்காதீர்கள். இந்த வேலையை உரிமம் பெற்ற மின் தொழிலாளர்தான் செய்ய வேண்டும். அப்போது பேட்டரி அந்த 12 வினாடியைத் தாண்டினால் போதும். ஜெனரேட்டர் எடுக்காமல் போகும் நாளுக்காக 2 மணி நேரம் வையுங்கள். ஈயத்தில் 26 ஆம்பியர்-மணி நான்கு.

இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி. ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடும்போது அதிர்வெண் 50-ல் நிற்காது, ஆடும். யூபிஎஸ் அதை 'மோசமான மின்சாரம்' என்று ஒதுக்கிவிட்டுப் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்க, 2 மணி நேரத்தில் சிக்னல் அணையும். யூபிஎஸ்ஸின் அமைப்புகளில் உள்ளீட்டு அதிர்வெண் வரம்பை 47 முதல் 53 ஹெர்ட்ஸ் வரை அகலமாக்குங்கள். மின்சாரம் திரும்பியதும் உடனே மாறாமல் ஒரு நிமிடம் பொறுத்து மாறும்படியும் வையுங்கள், வந்த மின்சாரம் மறுபடி போவதுண்டு.

நியூட்ரலைக் கவனியுங்கள். சில மாற்றுச் சுவிட்சுகள் லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டும். பேட்டரியில் ஓடும்போது நியூட்ரல் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதந்தால், எரியாத பச்சையிலும் வோல்ட் இருப்பதாக முரண்பாட்டுக் கண்காணிப்பி படிக்கும். மோதும் திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை என்று எண்ணி மொத்தத்தையும் கண்சிமிட்ட வைத்துவிடும். எர்த் கசிவு பிரேக்கரும் விழாது.

மூவர்ணம்:
ஜெனரேட்டரைக் கேட்காமல் கணக்குப் போட்டது என் தவறு. இரண்டு சேர்க்கிறேன்.

கன்ட்ரோலர் சில வகைகளில் மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸை எண்ணித்தான் நேரம் பார்க்கிறது. இன்வெர்ட்டர் 50.1 தந்தால் மணிக்கு 7.2 வினாடி முந்தும். தனிச் சந்திப்புக்கு அது பொருட்டில்லை. வாசல் சிக்னலோடு நேரம் ஒத்துப்போக வேண்டும் என்றால் கவனியுங்கள்.

யூபிஎஸ்ஸைத் தாண்டி மெயின்ஸை நேரே சிக்னலுக்குக் கொடுக்க, கையால் திருப்பும் பைபாஸ் சுவிட்ச் கட்டாயம். யூபிஎஸ்ஸே கெட்டுப்போய்ச் சந்திப்பு இருளும் நாள்தான் மின்தடையைவிட அதிகம் வரும். பேட்டரி வரிசையில் நேர்மின்னோட்டத்துக்கு மதிப்பிட்ட 40 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வீட்டுப் பலகையின் மாற்று மின்னோட்ட ஃபியூஸ் போட்டால், உருகியபின் நடுவில் மின்வில் தீப்பொறி எரிந்துகொண்டே இருக்கும்.

கிடங்குவாசி:
ஒப்படைக்கும்போது என்ன சோதனை பார்க்க வேண்டும்?

பேட்டரிப்பெட்டி:
சிக்னல் பச்சையில இருக்கும்போது உள்ளே வர்ற பிரேக்கரை இறக்குங்க. விளக்கு லேசாக்கூட மினுங்கக் கூடாது, நிறம் ஆரம்பத்துலேர்ந்து ஓடக் கூடாது. மஞ்சள்ல ஒரு தடவை, பச்சை மனிதன் கண்சிமிட்டும்போது ஒரு தடவை. அப்புறம் ஜெனரேட்டர்ல லிஃப்ட்டை ஓட விட்டு, யூபிஎஸ் பேட்டரியை விட்டு வெளியே வருதான்னு பாருங்க. கடைசியா பேட்டரி முழுசா தீர்ற வரை ஓட்டி, பிரேக்கரை ஏத்துங்க. யாரும் தொடாம தானா எழுந்து, எல்லாச் சிவப்பையும் காட்டிட்டு ஓட ஆரம்பிக்கணும். தீர்ற அந்த நேரத்துக்கு நாலு மூலையிலும் ஆள் வேணும், நிறுத்தப் பலகையும் வேணும். விளக்கு செத்த சந்திப்புல வலப்பக்கம் வர்றவனுக்கு வழி விடணும்னு லாரிக்காரங்க எல்லாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க.