மாடி பாத்ரூம் தண்ணீர் எங்கள் சுவரில் இறங்குகிறது. செலவு யாருடையது?

கீழ்வீட்டுக்காரி, மடிப்பாக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கிறோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், மாமியார். ஓனர் குடும்பம் மாடியில். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். வீடு கட்டி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும்.

உள் அறையின் வடக்குச் சுவரில் மேலிருந்து ஓதம் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மழை என்று விட்டிருப்போம். இப்போது மாசி. ஒரு சொட்டு மழை இல்லை, சுவர் மட்டும் நாளுக்கு நாள் கருத்துக்கொண்டே வருகிறது. சுண்ணாம்பு பொரிந்து, உப்பு பூத்து, காரை கையோடு வருகிறது. அந்தச் சுவருக்கு நேர் மேலே ஓனர் வீட்டு பாத்ரூம். காலையில் அவர்கள் குளித்து முடித்த பிறகு கை வைத்துப் பார்த்தால் சில்லென்று ஈரம் தெரியும்.

சுவரலமாரியில் இருந்த மகளின் புத்தகங்களில் பூஞ்சை. மாமியாருக்கு வீசிங் உண்டு. அவருடைய கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் ஃபேன் போட சுவிட்சைத் தொட்ட மகளுக்கு ஷாக் அடித்துவிட்டது. அன்று முதல் அந்த அறைக்குக் கரண்டே வேண்டாம் என்று ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருக்கிறோம்.

ஓனரிடம் சொன்னால், "நீங்க இருக்கிற இடம், நீங்கதான் பார்த்துக்கணும். அக்ரிமென்ட்லயே இருக்கே" என்கிறார். அக்ரிமென்ட்டில் இருப்பது இதுதான்: "வீட்டினுள் ஏற்படும் சிறு பழுதுகளை வாடகைதாரர் தம் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ள வேண்டியது." நாங்கள் அப்படித்தான் செய்தும் வருகிறோம். குழாய் மாற்றினோம், ஃப்ளஷ் டேங்க் சரிசெய்தோம், பின்கதவுத் தாழ்ப்பாள் புதிதாகப் போட்டோம். எதற்கும் ஒரு ரூபாய் கேட்டதில்லை. ஆனால் அவர் வீட்டுத் தண்ணீர் எங்கள் சுவரில் இறங்குவதும் "சிறு பழுது"தானா? பெயின்டரை அனுப்புகிறேன், கூலி நீங்கள் கொடுங்கள் என்கிறார். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஓனர் கெட்டவர் இல்லை. மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் மகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டது அவர் மனைவிதான். சண்டை வேண்டாம். மகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில் என்பதால் வீடு மாறவும் இப்போது முடியாது. சட்டப்படி இது யார் பொறுப்பு? நாங்களே செலவு செய்து வாடகையில் கழிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர், தாம்பரம்:

சகோதரி, முதலில் கரண்ட். ஃபியூஸைப் பிடுங்கியது சரியான காரியம். ஈரச் சுவரில் பதித்த போர்டு என்றால் சுவிட்சை மட்டும் மாற்றிப் பயனில்லை. உள்ளே ஒயரின் ஜாயின்ட்டும் குழாயும் நனைந்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனைத் தற்காலிகமாகச் சுவருக்கு வெளியே, ஈரம் இல்லாத பக்கமாக இழுக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் போடுவது வழக்கம். கரண்ட் கசிந்தால் நொடிக்குள் லைனைத் துண்டித்துவிடும். பழைய வீடுகள் பலவற்றில் இது கிடையாது.

அடுத்து, ஒழுகுவது எது என்று தெரியாமல் யாரும் தரையை உடைக்கக் கூடாது. இரவு எல்லோரும் படுத்த பிறகு மாடி பாத்ரூமுக்குப் போகும் வால்வை மூடிவிடச் சொல்லுங்கள். குளிக்காத நேரத்திலும் ஈரம் ஏறிக்கொண்டே இருந்து, வால்வை மூடியபின் நின்றால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயில் ஓட்டை. இந்த வயது வீடு என்றால் இரும்புக் குழாயாக இருக்கும், துரு தின்றிருக்கும். குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் தரைப் பக்கம் பாருங்கள். தரைத் தண்ணீர் வடியும் துளையில் பதித்திருக்கும் நானி டிராப்பை அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் வண்ணப்பொடி கலந்தால் கீழே அதே நிறம் இறங்குவது தெரியும். இதில் கீழே ஒன்றும் வராமல், டிராப்பைத் திறந்து விட்டதும் வந்தால், டிராப்பின் ஜாயின்ட்தான் போயிருக்கிறது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தரை அல்லது டிராப் என்று தோன்றுகிறது. எதுவானாலும் பழுது இருப்பது மாடியில். கீழே நின்று எவ்வளவு பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாலும் உரிந்துதான் விழும். அந்தப் பெயின்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு போர்ஷன் ஓனர், திருச்சி:

நானும் வாடகைக்கு விட்டிருப்பவன். ஓனர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டம்மா. சாக்கடையில் சோற்றையும் எண்ணெயையும் கொட்டிவிட்டு அடைப்பு எடுக்க எங்களைக் கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டை ஒட்டடைகூட அடிக்காமல் விட்டுப் போனவர்களும் உண்டு. அதனால்தான் அக்ரிமென்ட்டில் அப்படி ஒரு வரி எழுதுகிறோம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அவர் சொல்வது தப்பு. தளமும் சுவரும் அவருடைய சொத்து. டிராப்பில் இறங்கும் தண்ணீர் இன்று உங்கள் சுவரைத் தின்கிறது, விட்டால் தளத்துக் கம்பியில் துரு ஏறி கான்கிரீட் வெடிக்கும். அப்போது ஆகும் செலவுக்கு அவர் வாங்கும் வாடகை காணாது. அவரிடம் "எங்களுக்குக் கஷ்டம்" என்று மட்டும் சொல்லாமல், "உங்கள் தளம் கெடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் என் வாடகைக்காரர் அப்படித்தான் சொன்னார். மறுநாளே கொத்தனாரை வரவழைத்தேன்.

வழக்கறிஞர், சைதாப்பேட்டை:

மேடம், தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் ஒயரிங், இவை ஓனர் பங்கு. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, இவை உங்கள் பங்கு. இதுவரை நீங்கள் செய்த செலவெல்லாம் உங்கள் பக்கத்து வேலைதான்.

அக்ரிமென்ட் வரியைப் பற்றி: "வீட்டினுள்", "சிறு பழுது" என்ற இரண்டு சொல்லிலும் இது அடங்காது. உங்கள் வசமே இல்லாத மாடி பாத்ரூம் தரையை நீங்கள் எப்படி உடைத்துச் சரிசெய்வீர்கள்?

வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஓனர் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால் நீங்கள் செய்து, பில்லைக் காட்டிக் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கூடாது, உங்களுக்கு 7,000. ஒயரிங் வேலைக்கு இந்த வழி பொருந்தும், ஆனால் எழுத்தில் கேட்டு, அவர் மறுத்த பிறகு. மாடி வேலைக்கு இது உதவாது. அதற்கு வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அவர். என்ன ஆனாலும் வாடகையை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு அவர் பக்கம் சாய்வது அதனால்தான்.

ஒரு கேள்வி. அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்கிறீர்களா?

கீழ்வீட்டுக்காரி, மடிப்பாக்கம்:

எல்லோருக்கும் நன்றி. சார், பதிவு எதுவும் செய்யவில்லை. புரோக்கர் ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். திருச்சி ஐயா சொன்னபடி தளத்துக் கம்பியைப் பற்றிப் பேசினேன். இந்த முறை அவர் காதில் விழுந்தது. மகன் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வருகிறாராம், தண்ணீர் கட்டிப் பார்க்கலாம் என்றார். இருந்தாலும் சுவர், போர்டு, புத்தகங்கள் எல்லாவற்றின் போட்டோவுடன் ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். கோபத்தோடு எழுதவில்லை. மாமியார் உடம்பையும் மகளுக்கு ஷாக் அடித்ததையும் உள்ளபடி எழுதினேன். அட்வான்ஸில் பெயின்டிங்குக்குப் பிடிப்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வழக்கறிஞர், சைதாப்பேட்டை:

11 மாத அக்ரிமென்ட்டையும் பதிவு செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகும். ஓனர் இப்போது இறங்கி வந்திருக்கும் நேரத்தில், இருவருமாகப் புது அக்ரிமென்ட் போட்டு ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். அதில் யார் எந்தப் பழுதைப் பார்ப்பது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெயின்டிங்கைப் பற்றியும் ஒரு வரி. குடியிருந்ததால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்து, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

சைட் இன்ஜினியர், தாம்பரம்:

ஞாயிற்றுக்கிழமை டிராப்பில்தான் ஒழுக்கு என்று தெரிந்தால், டைல்ஸ் இடுக்கில் கிரவுட் பூசி முடித்துவிட விடாதீர்கள். பழைய டிராப்பை எடுத்துவிட்டுப் புதிது வைத்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் மறுபடி ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். கீழே உங்கள் சுவரில் பொரிந்த காரையைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காய விட்ட பிறகுதான் பூச்சு வேலை. வெயில் காலம் வருகிறது, அவசரப்பட வேண்டாம்.