பின்னணி இசைத்தட்டு தேடிப் போன இடத்தில் மறக்க முடியாத ஒரு ஆள்

புனல்_ஸ்பீக்கர்

தலைப்பைத் தொடங்கியவன் நான், முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் முந்தி ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட ஒரு ஐயா. தட்டுகள் இன்னும் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனேன். நினைத்தபடியே பக்திப் பாட்டு, கலியாண வீட்டுப் பாட்டு, திருவிழாவில் ஓயாமல் போட்ட படக் கதை வசனத் தட்டு. அதற்கு நடுவில் கொலம்பியா வெளியிட்ட ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ எல்பி. 1957-ல் வந்த படம், எங்கட கித்துல்கலவில் எடுத்தது, மல்கம் ஆர்னல்டுக்கு இசைக்காக ஒஸ்கார் வாங்கிக் கொடுத்தது. இந்தத் தீவில் இருந்துகொண்டு படத்து இசை சேர்க்கிறவனுக்கு அதைக் கண்டால் கை நடுங்காதா?

“ஐயா, இது என்னெண்டு உங்களிட்ட வந்தது?”

“அது ஸ்போர்ட்ஸ் மீற்றுக்கு, தம்பி. மார்ச் பாஸ்ற்.”

சீக்கையடித்துக்கொண்டு சிப்பாய்கள் நடந்து வருவார்களே, அது. அந்த மெட்டு 1914-ல் அல்ஃபோர்ட் எழுதிய ‘கேர்ணல் போகி’. அதோடு பொருந்தும்படி ஆர்னல்ட் தன்னுடைய அணிவகுப்பு இசையையும் எழுதிச் சேர்த்தார். ஐயாவுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று தட்டின் மேலேயே வெள்ளைக் கிரெயோனால் கோடு போட்டு வைத்திருக்கிறார்! தரம் பிரிக்கிறவர்கள் பார்த்தால் தலையில் கை வைப்பார்கள். கண்ணாடியும் போடாமல் கையை அந்தக் கோட்டுக்கு நேரே கொண்டு போய் விட்டார். ‘டப்’ என்றது, சீக்கை தொடங்கியது. ஒரு நூல் அங்கே இங்கே இல்லை.

விலை கேட்டேன். “தை பிறந்தால் பள்ளிக்கூடங்கள் கேட்கும், தம்பி” என்றார். அவருடைய அம்ப்ளிபயருக்குள் கோழி அடை கிடக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் இனி அவரிடம் கேட்கப் போகிறது? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் முறை போகவும் மனம் வரவில்லை.

இணுவில்_டெக்

அண்ணை, கதை நல்லது. ஆனால் அந்த எல்பி லிமிட்டெட் எடிஷன் கிடையாது, உலகம் முழுக்க விற்றது. ஈபேயில் அகப்படும். நான் சொல்வது எண்ணி அடித்த பதிப்புகளை. தட்டு வெளியிடுகிற லேபல்காரர் ஏன் எண்ணி அடிக்கிறார்கள் என்று பலருக்கு இன்னும் விளங்கவில்லை, “பிலிம் காட்டுகிறான்கள்” என்கிறார்கள். பழைய ஹொலிவூட் பதிவைத் திரும்ப வெளியிட்டால் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்து விதிப்படி வாசித்தவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். பிரதி குறைவு என்றால் அந்தப் பாரமும் குறைவு. அதனால்தான் இன்ராடா, லா-லா லாண்ட் மாதிரி லேபல்கள் 1000, 1500, 3000 என்று மட்டுப்படுத்தின.

சரி, என் கதை. 2022, டொலர் 200 ரூபாயிலிருந்து 360-ஐத் தாண்டிய வருசம். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பா முன்னமே வாங்கி வைத்திருந்த ஒரு சீடியை அனுப்பினார். பொதி எடுக்கப் போன இடத்தில் ஒரு சுங்க உத்தியோகத்தர் கட்டரால் உறையைக் கிழித்தார். (புது உறை! அதைப் பற்றி இப்போது கதைக்க வேண்டாம்.) பின் அட்டையை வாசித்தார். ‘லிமிட்டெட் எடிஷன் ஒஃப் 3000 யூனிற்ஸ்’.

“இது வியாபாரச் சரக்கு” என்றார்.

“இல்லை சேர், ஒரு சீடிதான்.”

“3000 யூனிற் எண்டு போட்டிருக்கு. மிச்சம் 2999-ம் எங்கே?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உலகத்திலேயே 3000தான் என்று விளங்கப்படுத்தினேன். அப்படியென்றால் இது அரிய பொருள், பெறுமதி கூடும் என்று மற்றப் பக்கத்தால் பிடித்தார். பாட்டு உண்டா என்று கேட்டார். பாட்டு இல்லை, பின்னணி இசை மட்டும் என்றேன். “பாட்டே இல்லாததுக்கு யார் இவ்வளவு காசு குடுப்பான்” என்று அதே வாயால் சொல்லிவிட்டு வரியை எழுதினார். வீட்டிலும் அதே கேள்விதான், அது வேறு விஷயம். ஆனால் அந்த ‘மிச்சம் எங்கே’ இன்னும் காதில் நிற்கிறது.

ஜெனறேற்றர்_காலம்

3000 பிரதிக்கு இவ்வளவு பெருமையா தம்பி? எங்களிடம் இருந்தது ஒரு பிரதி. நாங்களே அடித்தது.

தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். எங்கேயாவது ரிவி, வீடியோ டெக், ஜெனறேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்துப் படக்கொப்பி போட்டால் நான் வயரோடு போய்விடுவேன். டெக்கின் பின்னால் குத்தி கசெற்றில் இழுத்தேன். பாட்டுக்கு அல்ல, பாட்டு எல்லோரிடமும் இருந்தது. வசனம் இல்லாத இடங்களில் வரும் இசை. இளையராஜா படம் என்றால் அந்தத் துண்டுகளைச் சேர்க்கவே ஒரு ரிடிகே கசெற் முடியும். அதை யாரும் தட்டாக விற்கவில்லை, நீங்கள் எத்தனை லேபல் பெயர் சொன்னாலும்.

போன வருசம் லண்டனிலிருந்து வந்த மருமகன் கசெற்றுகளைக் கம்பியூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்றான். நல்ல பிள்ளை, இரவிரவாக இருந்து செய்தான். அடியில் ஜெனறேற்றர் இரைந்துகொண்டிருந்ததாம், வடிகட்டி விட்டானாம். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரைச்சல் போய்விட்டது, உண்மை. அந்தச் சுருதிக்குக் கிட்ட நின்ற செல்லோவும் டபுள் பேஸும் பாதிக்கு மேல் போய்விட்டன. மேலே வயலின் மட்டும் அந்தரத்தில் ஊசலாடுகிறது. “எப்பிடி மாமா, கிளீனா இருக்கோ?” என்று கேட்டான்.

நல்லாயிருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல?

நல்லூர்_வயலின்

அண்ணைமார் மட்டும் எழுதுகிற இடத்தில் நானும் ஒன்று போடுகிறேன்.

வயலின் படிப்பிக்கிறேன். ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ படத்து இசை முழுக்கத் தந்தி வாத்தியங்களுக்கு மட்டும் பேர்னார்ட் ஹெர்மன் எழுதியது என்று அறிந்த நாளிலிருந்து எனக்கு ஹெர்மன் பைத்தியம். கொழும்பில் ஒரு பழைய தட்டுக் கடையில் அவர் இசையமைத்த ‘வெர்ட்டிகோ’ படத்து எல்பி, 1958-ல் மேர்க்குரி லேபல் வெளியிட்டது, சுவரில் மாட்டியிருந்தது. நான்தான் கேட்டேன்: “இது மோனோவா ஸ்டீரியோவா?”

சும்மா கேட்கவில்லை. அமெரிக்காவில் இசைக்கலைஞர் வேலைநிறுத்தம் நடந்ததால் பதிவை லண்டனுக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் அவர்களுக்கு ஆதரவாக வாசிப்பை நிறுத்திவிட, மிச்சத்தை வியன்னாவில் முடித்தார்கள். லண்டன் பகுதி ஸ்டீரியோ (இடம் வலமாகப் பிரிந்த ஒலி), வியன்னா பகுதி மோனோ (ஒரே வழி ஒலி). ஹெர்மன் தன் கையால் நடத்தக்கூட முடியவில்லை, மியூர் மதிசன்தான் நடத்தினார்.

கடைக்காரர் பதிலை என் மனுசனுக்குச் சொன்னார். மனுசன் ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் அடுத்த கேள்வி கேட்டேன், அதற்கும் அவரைப் பார்த்தே பதில். “ஸேர் வேணுமெண்டால் போட்டுக் காட்டுறன்.” மனுசன் திரும்பிப் பார்த்தார், பின்னால் வேறு யாரும் இல்லை. “அவதான் கேட்கிறா. எனக்கு எம்ஜிஆர் பாட்டு மட்டும்தான் தெரியும்” என்றார். அப்போதும் அந்த ஆள் விலையை அவரிடம்தான் சொன்னார்!

வாங்காமல் வந்துவிட்டேன். விலைக்காக இல்லை.

வடமராட்சி_வினைல்

ஜெனறேற்றர் அண்ணை, தமிழ்ப் படப் பின்னணி இசை தட்டில் வரவே இல்லை என்று அடித்துச் சொல்லாதேயுங்கோ. நீங்களும் புனல் அண்ணையும் ஒதுக்கிவிட்ட கதை வசனத் தட்டில்தான் அது இருக்கிறது. ‘திருவிளையாடல்’ (1965) கதை வசனத்தை எடுத்துக் கேளுங்கோ. தருமி புலம்புகிற இடத்தில் நாகேஷை விட்டுவிட்டு அடியில் கே.வி. மகாதேவன் என்ன செய்கிறார் என்று பாருங்கோ. அந்தக் காலத்துப் பின்னணி இசையைத் தட்டில் கேட்பதென்றால் இந்த வழியால்தான். குரலோடு கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தேடித்தான் மானிப்பாயில் ஒரு அன்ரி வீட்டுக்குப் போனேன். 1995 ஒக்ரோபரில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் பகுதி முழுக்க எழும்பி ஓடினபோது, அவவின் மனுசன் தட்டுகளை யூரியாப் பைக்குள் போட்டுக் கட்டி, ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பின் வளவில் தாட்டுவிட்டுப் போனவராம். அடுத்த வருசம் வந்து கிண்டி எடுத்தார்கள். அட்டையைக் கறையான் தின்றுவிட்டது, லேபல் ஊறிக் கழன்றுவிட்டது. தட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எது என்ன தட்டு என்று ஒருவருக்கும் தெரியாது. மனுசனும் இப்போது இல்லை.

நான் ரோர்ச்சைச் சரித்துப் பிடித்து, பாட்டு முடிந்து லேபலுக்கு முன்னால் வெறுமையாக இருக்கிற வளையத்தில் பொறித்த இலக்கங்களை வாசித்தேன். போனில் தேடி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்ல அன்ரி பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தா. “அட, இதை வாசிச்சால் தெரியுமோ? எனக்கும் காட்டுங்கோ தம்பி.” காட்டினேன். அவவின் கண் என்னுடையதை விடக் கூர்மை. ஆறையும் எட்டையும் நான் மாறி வாசித்ததைத் திருத்தினா.

ஒன்றிரண்டு கிழமை கழித்துக் காசோடு போனால், ஒற்றைறூள் கொப்பி ஒன்று மேசையில் இருக்கிறது. தட்டின் இலக்கம், படத்தின் பெயர், கடைசி நிரலில் இணையத்து விலை. சிவப்புப் பேனையால். “இதுக்குக் கீழே குடுக்க வேண்டாமெண்டு மகள் பிரான்சிலயிருந்து சொல்லுறாள்.” தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அன்ரி செய்தது சரிதான். கதை வசனத்துக்கு அவ போட்ட விலைதான் கொஞ்சம் அநியாயம்.

பாதுகாப்பு_அண்ணை

எல்லாம் வாசித்தேன். எனக்கும் ஒன்று நடந்தது: சுன்னாகத்தில் ஒருவர் தட்டுகளைத் தகரக் கூரைக்குக் கீழே படுக்கையாக அடுக்கி வைத்திருந்தார், மேலே இருந்தவை அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. அவ்வளவுதான் கதை. ஆனால் உங்கள் எல்லோருக்கும் சில விஷயம் சொல்லத்தான் வேண்டும்.

தட்டை எப்போதும் நிமிர்த்தி வையுங்கோ, சாயவும் விடக் கூடாது. சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், மாரியில் சுவர் ஈரம் குடிக்கும். நிலத்திலிருந்து தூக்கி வையுங்கோ, கறையான் முதலில் அட்டைக்குத்தான் வரும். மினுங்குகிற பிவிசி உறை வேண்டாம். காலப்போக்கில் வினைலோடு ஒட்டிப் பனிப்புகார் படிந்த மாதிரி ஆக்கிவிடும், பொலித்தீன் உறைதான் நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கோ, ஆனால் இடைக்கிடை மாற்ற வேண்டும், போட்டுவிட்டு மறந்தால் பிரயோசனம் இல்லை. நிமிசத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பழைய தட்டை எல்பி ஊசியால் போடக் கூடாது. 78-இன் தவாளிப்பு (ஊசி ஓடுகிற பள்ளக் கோடு) அகலம், மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று) ஊசி வேண்டும்; எல்பி ஊசி அடியில் கிடந்து ஊத்தையைத்தான் வாசிக்கும். லேபலில் தண்ணீர் படக் கூடாது. துடைக்கும்போது தவாளிப்பின் வழியே வட்டமாகத் துடையுங்கோ, குறுக்கே இழுக்க வேண்டாம். பைப் தண்ணீர் வேண்டாம், எங்கட கிணற்றுத் தண்ணீர் அறவே வேண்டாம், சுண்ணாம்பு. காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கோ. பங்கசு (பூஞ்சணம்) பிடித்திருந்தால் எந்தத் தட்டென்றாலும் பஞ்சில் கொஞ்சம் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தால் போய்விடும். புனல் அண்ணையும் அந்த ஐயாவின் கிரெயோன் கோட்டை அப்படியே எடுத்துவிடலாம்.

புனல்_ஸ்பீக்கர்

தட்டு என்னிடம் இல்லை அண்ணை. இருந்தாலும் கோட்டை எடுக்க மாட்டேன்.

இணுவில்_டெக்

பாதுகாப்பு அண்ணை, ‘எந்தத் தட்டென்றாலும் ஸ்பிரிற்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கோ. 78 தட்டுச் செல்லாக்கில் (அரக்கில்) செய்தது. செல்லாக்கைக் கரைப்பதே ஸ்பிரிற்தான், தச்சர் அதில் கரைத்துத்தானே மேசைக்குப் பொலிஷ் போடுகிறார்?

எங்கள் பெரியப்பா ஒருநாள் எனக்கு முன்னாலேயே ஒரு 78-ஐ அப்படித் துடைத்தவர். பஞ்சு ஒரே கறுப்பு. “பார், எவ்வளவு ஊத்தை” என்று காட்டினார். அடுத்த பஞ்சும் கறுப்பு. மூன்றாவதும் கறுப்பு. ஊத்தை முடியவில்லை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், தட்டின் மினுக்கம் போய்ச் சாம்பலாகிக்கொண்டு வருகிறது. நான் அப்போது சின்னப் பெடியன், ஊத்தைதான் என்று நானும் நம்பினேன்.

பாதுகாப்பு_அண்ணை

நான் எல்பிக்குத்தான் சொன்னேன்.

நல்லூர்_வயலின்

இல்லை அண்ணை, ‘எந்தத் தட்டென்றாலும்’ என்றுதான் இருக்கிறது. எல்பிக்கும் நேரே ஊற்றாமல் காய்ச்சி வடித்த தண்ணீரில் நன்றாக ஐதாக்கித்தான் பாவிக்க வேண்டும். அப்புறம், வடமராட்சித் தம்பி, அந்த அன்ரியின் கொப்பியில் ஹெர்மன் ஏதும் இருந்ததா? இருந்தால் விலை பரவாயில்லை, நானே போய்க் கதைக்கிறேன்.