பச்சைக் குரோமிஸ் ஒவ்வொன்றாகக் குறைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஜனவரியில் 9 பச்சைக் குரோமிஸ் மீன்கள் விட்டேன். இப்போது மிச்சம் 5.

சாலினிட்டி (நீரின் உப்பளவு, ஒப்படர்த்தியில்) 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம். காலையும் மாலையும் மைசிஸ் (குட்டி இறால் போன்ற தீனி) போடுகிறேன்.

முதல் இரண்டு வாரம் ஒரே கூட்டமாகத் திரிந்தன. விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் சேர்ந்து திரும்பும்போது பச்சை நீலமாக மின்னும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு பெரியது ஒன்று விரட்டத் தொடங்கியது. அதுவும் இருப்பதிலேயே சின்னதைத்தான் குறிவைக்கிறது. துரத்தப்பட்டது துடுப்பு கிழிந்து, பாறை இடுக்கில் ஒதுங்கி, தீனிக்கு வராமல், இரண்டு மூன்று நாளில் செத்துப்போகிறது. கடைசியாகச் செத்ததன் விலாவில் சிவந்த புண் இருந்தது. கடிபட்ட காயமா, யூரோனீமா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியா? என் பெரிய கவலை இதுதான். யூரோனீமா மீன் இல்லாமலும் தொட்டியில் தங்கிவிடும், தெரியாமல் புது மீன் விடுவது பாவம்.

பவளப்பாறையில் பெருங்கூட்டமாக வாழும் மீன், துரத்தினாலும் ஓட இடமுண்டு. தொட்டியில் எங்கே போகும்? பெரியதைப் பிரித்தால் அடுத்தது அதன் இடத்தைப் பிடிக்குமா? தீனியை நாலைந்து வேளையாகப் பிரித்தால் சண்டை தணியுமா? வருடக்கணக்கில் கூட்டம் குறையாமல் வைத்திருப்பவர்கள் எத்தனை மீன், எத்தனை லிட்டர் என்று சொல்லுங்களேன்.