பெஞ்சுக்கு அடியில் டிராயரா, சுவரில் பலகையா?

தேவனாம்பட்டினம்_தச்சன்: நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "உளி, இழைப்புளி எல்லாம் தச்சு வேலை செய்கிற பெஞ்சுக்கு அடியில் மூடிய டிராயரில் இருந்தால் துரு அண்டாது. சுவரில் மாட்டுவது படம் எடுக்கத்தான்." அவர் கடலோரத்தில் ஒரு மழைக்காலமாவது பட்டறை நடத்தியிருக்கிறாரா? மூடிய டிராயரில்தான் முதலில் துரு வரும். ஐப்பசியில் உள்ளே போன ஈரம் தை வரைக்கும் அங்கேயே கிடக்கும்.

வில்லியனூர்_இழைப்பு: எழுதியது நான்தான். அது என்ன "ஒருவர்"? உப்புக்காற்றில் உளியைத் திறந்து தொங்கவிட்டால் துரு வராமல் பூவா பூக்கும்? டிராயரில் எண்ணெய் தடவி, கூடவே ஒரு சூடக்கட்டி போட்டு வைக்கிறேன். பளபளவென்று இருக்கிறது.

தேவனாம்பட்டினம்_தச்சன்: அது எண்ணெயின் பெருமை. டிராயரின் பெருமை இல்லை.

பாகூர்_புதியவன்: அண்ணே, ஒரு சந்தேகம். மேல்பலகையை ஒட்டியே டிராயர் செய்துவிட்டால் மரத்தை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மாட்ட இடம் இருக்குமா?

தேவனாம்பட்டினம்_தச்சன்: இருக்காது தம்பி. ஆறு அங்குலமாவது கீழே இறக்கு. பலகையில் துளை போட்டு, மரத்தை அழுத்திப் பிடிக்கிற கொக்கி இறக்குவதாக இருந்தால் அந்தத் துளைக்குக் கீழேயும் காலியாக இருக்கவேண்டும். டிராயர் பக்கப்பலகைக்கு மேலே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இடைவெளி விடு. மழையில் மரம் அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் அவ்வளவாக ஊதாது. இல்லையென்றால் கார்த்திகையில் காலால் உதைத்துத்தான் திறப்பாய். இதையெல்லாம் சொன்னதற்காக மூடிய டிராயரை நான் ஒப்புக்கொண்டேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். மூடிய டிராயரில் துரு வரும்.

முதுநகர்_படகு: படகு கட்டுகிற எங்களுக்கு பெஞ்சே கிடையாது. உளியை எண்ணெய்ச் சாக்கில் சுருட்டி வைப்போம். துரு வந்தால் சாணைக்கல் இருக்கிறது. வீட்டில் ஸ்டூல் செய்கிறவர்களுக்கு ஏன் இத்தனை பேச்சு?

வில்லியனூர்_இழைப்பு: ஸ்டூலா? நாங்கள் செய்கிற பிரெஞ்சு ஜன்னலை வந்து பாருங்கள். அப்புறம் தச்சரே, 2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து உங்கள் சுவர்ப் பலகையில் இருந்த சாமான் மொத்தமும் நனைந்ததை மறந்துவிட்டீர்களா?

தேவனாம்பட்டினம்_தச்சன்: அது ஓட்டின் குற்றம், சுவர் என்ன செய்யும்? 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது உங்கள் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்ததே, அடி டிராயரில் இருந்த இழைப்புளியின் கதி என்ன? சுவரில் இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

வில்லியனூர்_இழைப்பு: வெள்ளத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? பேச்சு துருவைப் பற்றி.

தேவனாம்பட்டினம்_தச்சன்: புயலை இழுத்தது யார்?

பாகூர்_புதியவன்: அண்ணே, டிராயருக்குப் பலா போடலாமா? பண்ருட்டியில் மலிவாகக் கிடைக்கிறது.

முதுநகர்_படகு: காய்ந்த பலாவா, பச்சையா?

வில்லியனூர்_இழைப்பு: அதைத் தச்சரிடம் கேள் தம்பி. போன பொங்கலுக்கு என்னிடம் வாங்கிப்போன பெரிய கிளாம்ப் எங்கே என்றும் சேர்த்துக் கேள். சுவரில் தொங்குகிறதோ என்னவோ.

தேவனாம்பட்டினம்_தச்சன்: கிளாம்ப் பத்திரமாகத்தான் இருக்கிறது. வாங்கும்போதே திருகில் துரு இருந்தது. எதில் வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.