"ஆடுதூரம்": மலை மைதான கோல்ஃப் ஆட்டத்துக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். மலை மைதானத்தில் கருவி அளந்து காட்டும் தூரம் ஒன்று, எந்த கிளப்பை (கோல்ஃப் மட்டையை) எடுப்பது என்று முடிவுசெய்ய நாம் கணக்கில் கொள்ள வேண்டிய தூரம் வேறு. இந்த இரண்டாவது தூரத்துக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கும் கேள்விக்கும் என் பதில் இது.

> மலையில் பந்து கூடுதலாகப் போகும் என்பதால் "உயரத் திருத்தத் தூரம்" எனலாமே?

இதில் எனக்குத் தடையாக இருப்பது "உயரம்" என்ற சொல்தான். மலை மைதானத்தில் ஆட்டத்தைத் திட்டமிடுகிறவர் இரண்டு உயரங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து மைதானம் எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஒன்று. முதல் அடி அடிக்கும் டீ மேடைக்கும் குழி உள்ள புல்தரையான கிரீனுக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கம் இன்னொன்று. முதலாவது காற்றைப் பற்றியது. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 82 விழுக்காடுதான். இது மைதானம் முழுவதற்கும் பொது. இரண்டாவது நிலத்தின் அமைப்பு. குழிக்குக் குழி மாறும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அளவுக்கருவி 160 கெஜம் காட்டுகிறது. 2000 மீட்டரில் முழு வீச்சு அடி ஏறத்தாழ 7, 8 விழுக்காடு கூடுதலாகப் பறக்கும். ஆகவே சமவெளியில் 149 கெஜம் அடிக்கும் கிளப் போதும். கிரீன் 10 கெஜம் தாழ்வாக இருந்தால் மேலும் சுமார் 10 கெஜம் குறையும். ஆட வேண்டியது 139. இந்த 139-க்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> "உணர் வெப்பநிலை" போல "உணர்தூரம்"?

கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் பொருள் எதிர்த்திசையில் போகிறது. மலைச்சரிவில் முதலில் ஏமாறுவது கண்தான். சரிவான நிலம் சமமாகத் தெரியும், கிரீனின் தூரமும் தவறாகத் தெரியும். உணர்வைத் திருத்தவே இந்த எண். "நிகரதூரம்" என்றால் கழித்து மிஞ்சியது என்ற எண்ணம் வருகிறது. ஏற்றமான குழியில் நாம் கூட்டுகிறோமே!

என் பரிந்துரை "ஆடுதூரம்". ஆடுகளம் போல வினைத்தொகை, விளக்கமில்லாமலே புரியும். அளந்த தூரத்துக்கு "அளவுதூரம்" என்று வைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சொல் குறுகியதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஆட்டத்தின் நடுவே ஏற்ற இறக்கத்தைக் கருவியால் அளக்க கோல்ஃப் விதி 4.3 இடம் தருவதில்லை. முன்கூட்டியே திரட்டிய தகவலைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆகவே முதல்நாளே குறிப்பேட்டில் குழிவாரியாக எழுதிக்கொள்வதே வழி. அந்தக் கட்டத்தின் தலைப்பில் மூன்று சொற்கள் அடங்காது.

> எல்லா அடிக்கும் ஒரே விழுக்காடுதானே?

இல்லை, வரையறையில் இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். காற்றின் தடை வேகமான, நீண்ட அடியில்தான் பெரிதாகத் தெரியும். நீண்ட அடிக்கான டிரைவர் கிளப்பில் நல்ல லாபம். வெட்ஜ் எனும் குறுந்தூரக் கிளப்பின் 50 கெஜ அடியில் அநேகமாக ஒன்றுமில்லை. பின்சுழல் (பந்து பின்னோக்கிச் சுழல்வது) தரும் தூக்குவிசையும் மெல்லிய காற்றில் குறைவதால், பந்து தாழ்வாகப் பறந்து சாய்வாக இறங்கும். விழுந்தபின் கூடுதலாக உருளும். ஆகவே ஆடுதூரம் என்பது பந்து முதலில் தரைதொடும் இடம்வரை மட்டுமே என்று வரையறுப்போம். உருளலைச் சேர்க்கக் கூடாது. (பக்கவாட்டு வளைவும் குறையும். மலையில், பந்து பக்கவாட்டில் வளைந்து விலகும் தன் ஸ்லைஸ் குறை குணமாகிவிட்டது என்று மகிழ்கிறவர் சமவெளிக்கு இறங்கிப் பார்க்கட்டும்.)

வெப்பநிலையையும் விட்டுவிட முடியாது. பிற்பகல் இடிமழைக்கு அஞ்சி மலையில் காலையிலேயே ஆட்டம் தொடங்குவார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்தும் மந்தமாகக் கிளம்பும். உயரம் தந்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். முதல் சில குழிகளின் ஆடுதூரத்தைக் கொஞ்சம் கூட்டியே எழுதுவது நல்லது.

மெக்சிகோ நகரை ஒட்டியுள்ள சாப்புல்டெபெக் கோல்ஃப் மைதானம் 7500 அடிக்கும் மேலே இருக்கிறது. 2017 முதல் 2020 வரை அங்கு நடந்த உலக கோல்ஃப் சாம்பியன்ஷிப் போட்டிகளில் தொழில்முறை வீரர்களே தங்கள் கிளப் தூரங்களை மாற்றிக் கணக்கிட வேண்டியிருந்தது. நம் சொல்லை அப்படியொரு ஆட்டத்தின் வருணனையில் பொருத்திப் பார்த்தேன்: "அளவுதூரம் 190, ஆடுதூரம் 170." தங்குதடையின்றி வருகிறது.

"உயரம்" என்பதைக் கடல்மட்டக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குழியின் வேறுபாட்டை "ஏற்றம்", "இறக்கம்" என்றே எழுதலாம் என்பது என் கருத்து. மாற்றுச் சொல் இருந்தால் மேலே உள்ள 160 கெஜக் கணக்கை அதில் எழுதி அனுப்புங்கள்.